தோழி யார் என்று கேட்டாயே

என் குஞ்சு,

இன்னும் மூன்று கிழமையில் மாப்பிள்ளையாகப் போகிற இருபத்தைந்து வயதுப் பிள்ளையை இப்படிக் கூப்பிடலாமா என்று முகத்தைச் சுளிக்காதே. எழுதுகிறவள் நான், எப்படியும் கூப்பிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை துரொண்ட்ஹைமிலிருந்து தொலைபேசி எடுத்து, தலைப்பாகை அளவாக இருக்குமா, மேளக்காரர் எப்போது வருகிறார், மண்டபத்துக்குள் ஓமம் வளர்த்தால் நெருப்பு மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடாதா என்றெல்லாம் கேட்டாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஆர் எனக்குத் தோழி? பெரியம்மா லண்டனிலை இருந்து எடுத்து அழுகிறா. தன்ரை மகளை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டீங்களாம்" என்றாய். அடுப்பில் கறி இருக்கிறது, பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பிறகுதான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் நான் அழுவேன், நீ பதறுவாய், நடுவில் அப்பா வந்து தேத்தண்ணி கேட்பார், சொல்ல வந்தது சிதறிப் போகும். இதை நீ உன் மணப்பெண் இங்ரிட்டுக்கு வாசித்துக் காட்டலாம். பெரியம்மாவுக்கும் காட்டலாம். யார் வாசித்தாலும் எனக்குக் குறையில்லை.

இங்ரிட்டுக்கு நீ தோழி என்பதை ஃபோர்லோவர், அதாவது இந்த நாட்டுக் கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நிற்கிறவர், என்று சொல்லி வைத்திருக்கிறாய். அது சரியில்லை. ஃபோர்லோவராகக் கூடப் படித்த சிநேகிதியும் நிற்கலாம். எங்கள் கல்யாணத்தில் தோழி என்பது மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரிய இடம். மணமகளைக் கூறைச் சேலை உடுத்தக் கூட்டிப்போவதும், திரும்ப மணவறைக்கு அழைத்து வருவதும், நீ தாலி கட்டும்போது அவளுடைய கூந்தலை ஒதுக்கிப் பிடிப்பதும் அவள்தான். கூடப் பிறந்தவள் இல்லாத வீட்டில் பெரியம்மாவின் பிள்ளையோ சித்தப்பாவின் பிள்ளையோ நிற்பாள். ஆகவே ஒருத்தியை நான் தோழியாக நிறுத்தினால், இவள் என் மகனுக்குச் சகோதரி என்று வந்திருக்கிற அத்தனை சனத்துக்கும் முன்னால் சொன்னதாக அர்த்தம். பெரியம்மா அழுவதும் அதற்காகத்தான். உனக்குத் தோழியாக நிற்கப் போகிறவள் துளசி. ஊரில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த, இப்போது ஒஸ்லோவில் ஹவுகெட்டோப் பக்கம் இருக்கிற பூமணியின் மகள். உனக்கு முகம் நினைவிருக்காது. ஏழு வயது வரைக்கும் நீயும் அவளும் ஒரே முற்றத்தில் மண்சோறு ஆக்கி விளையாடினீர்கள். ஏன் அவள் என்று சொல்வதற்கு முன், நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். சிரி, பரவாயில்லை.

இங்ரிட்டைப் பற்றி நீ முதன்முதலாகச் சொன்ன அன்று நான் என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறதா? நல்ல பிள்ளையா என்று கேட்கவில்லை, என்ன படித்தவள் என்று கேட்கவில்லை. "எந்த இடம்?" என்றேன். நீ பாவம், "ஹாமருக்குப் பக்கத்திலை அம்மா" என்றாய். நான் கேட்டது அந்த இடத்தை இல்லை. ஊரைக் கேட்டு, குறிச்சியைக் கேட்டு, எந்தக் கோயிலடி என்று கேட்டு, வாயால் சொல்லாமலே ஆளின் சாதியைப் பிடித்துவிடுகிற கெட்டித்தனம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. நோர்வேக்காரியிடம் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கிழமை தவித்தேன். அப்போதுதான் நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்கிறவள் ஒருத்தி சொன்னாள், இந்த நாட்டில் பலருடைய குடும்பப் பெயர் அவர்களுடைய பண்ணையின் பெயர் என்று. இங்ரிட் லுண்டெ! வரைபடத்தை விரித்துத் தேடினேன். ஏரிக்கரையோடு லுண்டெ என்று ஒரு பண்ணை இருந்தது. எனக்கு வந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். அன்றே லண்டனுக்கு, பெரியம்மாவுக்கு எடுத்தேன். "அக்கா, பெட்டை வெள்ளையெண்டாலும் நல்ல இடம். பரம்பரைக் காணிக்காரர். எங்கடை ஆக்களைப் போலை" என்றேன். அக்கா டொரண்டோவுக்குச் சொல்ல, டொரண்டோ பாரிசுக்குச் சொல்ல, ஒரு கிழமைக்குள் இங்ரிட்டின் தகப்பனுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலும் இரண்டு டிராக்டரும் வந்துவிட்டன. நோர்வேயில் நெல் விளையுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் சம்பந்தம் பேச அவர்கள் வீட்டுக்குப் போனோமே, அந்தச் சின்னச் சிவப்பு வீட்டைப் பார்த்ததும் எனக்கு மனம் கொஞ்சம் சோர்ந்தது. பெரிய பண்ணைவீடு வேறெங்கோ இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வாஃபலும் பழுப்புச் சீசும் சாப்பிட்டு முடிய, பொறுக்க மாட்டாமல் என் உடைந்த நோர்ஸ்க் பாஷையில் உன் மாமனார் பியோர்னிடம் கேட்டேவிட்டேன், லுண்டெயில் உங்கள் நிலம் எவ்வளவு என்று. மனிதர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு கோப்பி சிந்தச் சிந்தச் சிரித்தார். "எங்களுடைய நிலமா? எங்களுக்கு ஒரு ஆடு இருந்தது!" பண்ணைக்காரன் காணியில் குடிசை போட்டு, இருப்பதற்குக் கூலியாக அவன் கூப்பிட்ட நேரமெல்லாம் வேலைக்குப் போகிறவனை ஹூஸ்மன் என்பார்களாம். அவருடைய முன்னோர் லுண்டெ பண்ணையின் ஹூஸ்மன்கள். எங்கே வேலை செய்தார்களோ அந்தப் பண்ணையின் பெயர் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் குடிமைக்காரர். அப்பா சிரிப்பை அடக்க ஒரு முழு வாஃபலை வாய்க்குள் திணித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். நீ மேசைக்கடியில் என் காலை மிதித்தாய். எனக்கு லண்டனும் டொரண்டோவும் பாரிசும் கண்ணுக்குள் வந்து நின்றன.

என் முகம் விழுந்ததைப் பார்த்து, ஏதோ மனம் நொந்துவிட்டது என்று நினைத்த அந்த நல்ல மனிதர், நிலத்தை விட நல்ல ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்தார். உள்ளே பழைய கடிதங்கள். அவருடைய பூட்டனாரின் தம்பி அன்டர்ஸ், இருபது வயதில் கப்பலேறி அமெரிக்கா போனவன், அங்கிருந்து தாய்க்கு எழுதியவை. கறுப்பு மனிதரை அடிமைகளாக வைத்திருக்கலாமா கூடாதா என்று அந்த நாடு இரண்டாகப் பிளந்து அடிபட்ட காலம். வைத்திருக்கக் கூடாது என்ற பக்கத்துப் படையில் அவன் சேர்ந்திருக்கிறான். பியோர்ன் வாசிக்க இங்ரிட் லேசான சொற்களில் சொல்ல, விளங்காததை நீ தமிழில் சொன்னாய். அன்டர்ஸ் வீரக்கதை ஒன்றும் எழுதவில்லை. பிஸ்கட் கல்லாக இருக்கிறது, துப்பாக்கிப் பிடியால் உடைத்துக் கோப்பியில் ஊறப்போட்டால் புழு மிதக்கிறது, புழுவை எடுத்துவிட்டுக் குடிக்கிறோம் என்று எழுதினான். ஒரு வீட்டில் கோழி களவெடுத்தேன், அந்த வீட்டு மனுசி நாலு பிள்ளைகளோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கோழி தொண்டையால் இறங்கவில்லை, மன்னியுங்கள் அம்மா என்று எழுதினான். படைக்குப் பின்னால் சட்டி பானையோடும் கைக்குழந்தைகளோடும் நடந்து வந்த அடிமைச் சனத்தைப் பற்றி எழுதினான். அதில் ஒருத்தி, யாரோ கொடுத்த சப்பாத்து காலைக் கடிக்கக் கடிக்க, பாட்டை நிறுத்தாமல் நடந்தாளாம். சட்டி பானையோடு சனம் நடக்கிற றோட்டு எங்களுக்குத் தெரியாததா? அப்பா வாஃபலை விழுங்கிவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

பிறகு வந்ததுதான் அந்தக் கடிதம். படைக்காரர் பதுங்குவதற்கு நீளமாகக் குழி வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது முழுக்க விடுதலையான கறுப்பு மனிதர். ஷெல் விழத் தொடங்கியதும், குழி படைக்காரருக்கு மட்டும், இடமில்லை என்று ஒரு அதிகாரி கத்தியிருக்கிறான். நாள் முழுக்க வெட்டியவன் தன் பிள்ளையோடு வெளியே நிற்கிறான், மண்வெட்டியையே தொடாத நான் உள்ளே இருக்கிறேன் என்று எழுதினான் அன்டர்ஸ். லுண்டெயின் களஞ்சிய வாசலில் நீங்கள் மழையில் நின்றது அப்போது நினைவு வந்தது அம்மா, உள்ளே இடமில்லை என்றார்கள், உள்ளே இருந்தது வைக்கோல் என்று எழுதினான். அவன் கையை நீட்டி அந்தத் தகப்பனையும் பிள்ளையையும் உள்ளே இழுத்திருக்கிறான். பீப்பாய்க்குள் ஹெரிங் மீனைப் போல நெருங்கிக் கிடந்தோம், ஆனால் இடம் போதுமாக இருந்தது என்று முடித்திருந்தான். நான் அழத் தொடங்கினேன். பியோர்ன் பயந்துபோய், "அவன் சாகவில்லை, சாகவில்லை! விஸ்கான்சினில் காணி எடுத்து ஒன்பது பிள்ளை பெற்றான்" என்றார். கடைசியில் காணிக்காரனாகத்தான் போயிருக்கிறான், அக்காவுக்கு அதையாவது சொல்லலாம். நீ என் முதுகைத் தடவி, "அம்மா எதுக்கெடுத்தாலும் அழுவா" என்று இங்ரிட்டிடம் சொன்னாய். அன்று நான் அழுதது அன்டர்ஸுக்காக இல்லை, குஞ்சு.

ஊரில் எங்கள் வளவிலும் ஒரு குழி இருந்தது. பங்கர் என்போம். அதை வெட்டியவர் பூமணியின் தகப்பன் கந்தையா. தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கு அடிமை குடிமை செய்த வீட்டு மனிதர். நாலு நாள் தனியாளாக வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்துத் தந்தார். அப்பா அதற்கு முன்னாலேயே நோர்வேக்கு வந்துவிட்டார். பெரியம்மாவும் அவருடைய மகளும் நீயும் நானும்தான் வீட்டில். ஒரு பகல் பொம்மர் விமானம் வந்தது. ஓடிப்போய் உள்ளே இறங்கினோம். கந்தையா அன்று தோட்டத்தில். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பூமணி துளசியை இழுத்துக்கொண்டு ஓடி வந்து வாசலில் குனிந்து, "சின்ன நாச்சியார், பிள்ளையையெண்டாலும்" என்றாள். பெரியம்மா என்னைப் பார்த்தார். எங்களோடு தோள் முட்ட அவர்கள் இருப்பதா என்பதுதான் அந்தப் பார்வை. நான் சொன்னேன், "இடமில்லை பூமணி." உள்ளே என் கூறைச் சேலையும் நகையும் வைத்த டிரங்குப் பெட்டி இருந்தது. இரண்டு பேர் இருக்கக்கூடிய இடத்தில் அது இருந்தது. அவர்கள் மாமரத்தடியில் குப்புறப் படுத்தார்கள். நீ என் மடியிலிருந்து, "துளசி எங்கை?" என்று கேட்டாய். நான் உன் வாயைப் பொத்தினேன். குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்தது. அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருடமும் சமாளித்தேன். அந்தக் கூறையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தும் ஒரு நாள் உடுத்தவில்லை. இப்போது உடுத்தலாம் என்றாலும் சட்டை கொள்ளாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது அதைவிடக் கேவலம். பூமணியின் புருஷன் இந்த நாட்டின் வடக்கே மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர், பிறகு அவர்களையும் எடுத்து, இப்போது எல்லோரும் ஹவுகெட்டோவில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐந்து வருடத்துக்கு முன் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அவளைக் கண்டேன். என்னை நோக்கித்தான் வந்தாள். நான் பக்கத்துத் துணிக்கடைக்குள் பாய்ந்து, தொங்கிக்கொண்டிருந்த குளிர் ஜாக்கெட்டுகளுக்குள் புகுந்து நின்றேன். நாற்பத்தைந்து வயதுப் பொம்பிளை, பஞ்சு வைத்த கைகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு. கடைப்பெண் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும்தான், அவளால் தரக்கூடிய உதவி இல்லை.

போன மாதம் கல்யாணக் கார்டையும் சந்தனம் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு ஹவுகெட்டோவுக்குப் போனேன். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கதவைத் திறந்த பூமணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வா" என்றாள். சின்ன நாச்சியார் என்று கூப்பிட்ட வாய். எனக்கு அந்த வா எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் விளங்காது. தேத்தண்ணி தந்தாள். முழுக்கக் குடித்தேன். "இடம் இருந்தது பூமணி. நான் பொய் சொன்னனான்" என்றேன். எந்த இடம், எந்தப் பொய் என்று அவள் கேட்கவில்லை.

"தெரியும்" என்றாள். "பங்கரை வெட்டினது ஆர்? எட்டுப் பேருக்கெண்டு அளந்து வெட்டினவர் எங்கடை அப்பு. வீட்டை வந்து எங்களுக்குச் சொன்னவர், நீங்களும் இருக்கலாம், சேர்த்துத்தான் அளந்தனான் எண்டு."

அவளே தொடர்ந்தாள். "அதைக்கூட விடு. பொம்மருக்குப் பயந்த சனம் என்னவும் சொல்லும். ஸ்ட்ரோம்மனிலை ஜாக்கெட்டுக்குள்ளை போய் நிண்டியே, அங்கை என்ன பொம்மரே வந்தது?"

"கண்டனியோ?"

"உன்ரை பச்சைச் சப்பாத்து வெளியிலை தெரிஞ்சது. என்ன வடிவான ஒளிப்பு!"

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்த நேரம் பார்த்து துளசி வேலை முடிந்து உள்ளே வந்தாள். ரயில் ஓட்டுநரின் உடுப்பு. தே-பானெ என்கிற நகர ரயில் ஓட்டுகிறாளாம் உன் அக்கா! தோழியாக வருவாயா பிள்ளை என்று கேட்டேன், ஏன் கேட்கிறேன் என்பதை அவளுக்கும் ஒரு முறை சொன்னேன். கேட்டுக்கொண்டே சப்பாத்தைக் கழற்றியவள் நிமிர்ந்து, "அன்ரியை எனக்கு நல்லாத் தெரியும். ஸ்டோவ்னர் ஸ்டேசனிலை காலமை கடைசி நிமிசத்திலை ஓடி வாறவ. ரெண்டு தரம் கதவை மூடாமல் உங்களுக்காகப் பிடிச்சு வைச்சிருந்தனான்" என்றாள். எனக்கு நினைவிருந்தது. இரண்டு தரமும் உள்ளே பாய்ந்து ஏறி, இருக்க இடமும் கிடைத்து, இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். துளசி தாயைப் பார்த்தாள். பூமணி யோசித்துவிட்டு, "பெடியனுக்காக விடுறன், உனக்காக இல்லை" என்றாள். "ஆனால் என்ரை பிள்ளையை வேலைக்கு வந்தவளைப் போலை ஆரும் பார்த்தால் மணவறையிலையே எழும்பிக் கேப்பன்." கேள் என்றேன். துளசிக்கு ஒரே கவலைதான். "எனக்கே சீலை உடுத்தத் தெரியாது. நோர்வேப் பெட்டைக்கு நான் உடுத்திவிட்டால் ரெண்டு பேரும் விழுவம்." இப்போது சனிக்கிழமைகளில் இங்ரிட்டும் அவளும் எங்கள் வீட்டில் பழகுகிறார்கள். நான் சொல்லும் வரைக்கும் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இங்ரிட்டைக் கேட்டிருந்தேன். அந்தப் பழைய கூறையில்தான் பழகுகிறார்கள். ஒரு முறை இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். இங்ரிட்டின் தம்பி தோழனாக நிற்க வேட்டி கட்டிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, இவர்கள் எவ்வளவோ பரவாயில்லை என்கிறார் அப்பா.

உனக்கு அறிவுரை சொல்லத் தெரிந்த தாய் இல்லை நான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இடமில்லை என்று வாயில் வரும்போது, அங்கே என்ன பெட்டி இருக்கிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார். நான் பார்க்கவில்லை. அதைச் செய்ய எனக்கு ஒரு ஹூஸ்மன் பெடியனின் கடிதம் வேண்டியிருந்தது. ஊரில் இப்போது துவக்குகள் கொஞ்சம் ஓய்ந்திருக்கின்றன, சமாதானம் பேச இந்த ஒஸ்லோக்காரர் போய் வருகிறார்கள். அவர்கள் பேசட்டும். எங்கள் பங்கருக்குள் நடந்ததை நாங்கள்தான் பேச வேண்டும். துளசியை அக்கா என்று கூப்பிடு. அவள் உனக்கு இரண்டு வயது மூப்பு. நீ கூப்பிட்டால் எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடு.

பெரியம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கென்ன விசரே? அந்தப் பெட்டை தோழியெண்டால் நான் வரமாட்டன்" என்றார். "உன்ரை பிள்ளைக்கு அண்டைக்கு இடம் குடுத்தனாங்கள் அக்கா. இண்டைக்கு மற்றவளின்ரை முறை" என்றேன். பிறகு, "அந்தப் பெட்டியை நான் தூக்கி வெளியிலை வைச்சிருக்கலாம்" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. உடனே, நோர்வேக்காரருக்கு நெல்வயல் இல்லை என்பதை டொரண்டோவுக்கு யார் சொல்வது என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார். கவலைப்படாதே, வருவார். மூன்று சேலை வாங்கி வைத்துக்கொண்டு வராமல் இருக்கிற ஆள் இல்லை அவர்.

மண்டபக்காரனிடம் முன்வரிசையில் எட்டுக் கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். இங்ரிட்டின் தாய் தகப்பன், அப்பா, நான், பெரியம்மா, பெரியம்மாவின் மகள், பூமணி, பூமணியின் புருஷன். பியோர்ன் அன்டர்ஸின் கடிதத்தைக் கொண்டுவந்து விருந்தில் வாசிப்பாராம், பூமணி அதைக் கேட்க வேண்டும் என்கிறாள். இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன், கந்தையா அளந்தது சரிதான். பெரியம்மாவின் கதிரையைப் பூமணிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா